நட்சத்திரம் பிறக்கும் மேகத்தில் காஸ்மிக் கதிரின் அயனியாக்க வீதத்தைக் கணக்கிடுவது எப்படி

அளக்கப்போகிற எண் எவ்வளவு சிறியது என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறு ஒரு விநாடிக்குள் காஸ்மிக் கதிரால் (விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் மின்னூட்டத் துகள்களால்) அயனியாவதற்கு, அதாவது ஒரு எலக்ட்ரானை இழப்பதற்கு, எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அயனியாக்க வீதம். சீட்டா என்ற கிரேக்க எழுத்தால் அதைக் குறிப்பார்கள். அடர்ந்த மேகத்துக்குப் பல ஆண்டுகளாகப் புழங்கிவரும் மதிப்பு விநாடிக்கு 10⁻¹⁷ அளவில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறு அடிபட சராசரியாக 300 கோடி ஆண்டு ஆகும் என்று அதற்குப் பொருள். ஒரு கன சென்டிமீட்டரில் ஒரு லட்சம் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கும் மேகக் கருவிலும் (மேகத்தின் மிக அடர்ந்த பகுதி), அந்தக் கன சென்டிமீட்டருக்குள் ஒரே ஒரு அயனியாக்கம் நடக்க முப்பதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும்.

இவ்வளவு அரிதாக நடந்தாலும் அந்த இருட்டுக்குள் எல்லாமே இதை நம்பித்தான் இருக்கிறது. புற ஊதா ஒளி உள்ளே நுழையாது, தூசி தடுத்துவிடும். அயனிகளை உண்டாக்கி வேதிவினைகளைத் தொடங்கி வைப்பது காஸ்மிக் கதிர். வாயுவை 10 கெல்வின் பக்கத்தில் நிறுத்தி வைத்திருப்பதும் அதுதான். காந்தப்புலம் வாயுவைப் பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் கொஞ்சமாவது மின்னேற்றம் வேண்டும், அதையும் தருவது இதுவே. கரு எவ்வளவு வேகமாகச் சரிந்து நட்சத்திரமாகும் என்ற கேள்வி கடைசியில் இந்த எண்ணில் வந்து நிற்கும், அதனால்தான் இதில் பத்து மடங்கு தவறினாலும் எனக்குப் பொறுக்காது.

இதை நேரடியாகவே அளந்துவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். 1912-ல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி அளந்த காலத்திலிருந்து காஸ்மிக் கதிரை அளந்துகொண்டுதானே இருக்கிறோம், ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வுக் கருவி இருக்கிறதே என்பார்கள். ஊட்டிக் கருவி பார்ப்பது மிக உயர்ந்த ஆற்றல் கொண்ட துகள்கள் வளிமண்டலத்தில் மோதிப் பொழியும் துகள் மழையை. மேகத்து ஹைட்ரஜனை அயனியாக்குவதில் பெரும்பங்கு அதைவிட எத்தனையோ மடங்கு ஆற்றல் குறைந்த துகள்களுக்கு, அவற்றில் பெரும்பாலானவற்றைச் சூரியக் காற்று நம் பக்கம் வரவிடாமலே தள்ளிவிடுகிறது. சூரியக் காற்றின் எல்லையை 2012 ஆகஸ்டில் தாண்டிய வாயேஜர் 1 அந்தத் துகள்களை நேராகப் பார்த்தது. அதன் அளவீட்டிலிருந்து ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு விநாடிக்குச் சுமார் 1.5 × 10⁻¹⁷ என்று கணக்கு வந்தது. ஆனால் அது நம் வீட்டு வாசலில் எடுத்த அளவு. 450 ஒளியாண்டு தள்ளி இருக்கும் ரிஷப ராசி மேகத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய, மேகத்திலிருந்தே சாட்சி வேண்டும்.

அந்த சாட்சி எச்3+. மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து, ஒரு எலக்ட்ரானை இழந்து நிற்கும் அயனி. காஸ்மிக் கதிர் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிடும். அப்படி உண்டான அயனி பக்கத்தில் இருக்கும் இன்னொரு மூலக்கூறோடு மோதிய உடனே எச்3+ ஆகிவிடும். இரண்டாவது படிக்குத் தாமதமே இல்லை. ஆகவே எத்தனை அயனியாக்கமோ கிட்டத்தட்ட அத்தனை எச்3+ பிறக்கிறது. பிறக்கும் வேகமும் அழியும் வேகமும் சமமாக இருக்கும் நிலையில் எச்3+ எவ்வளவு இருக்கிறது, எது எவ்வளவு வேகமாக அதை அழிக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் பிறக்கும் வேகம் கைக்கு வந்துவிடும். இந்தத் துறையில் எத்தனை சூத்திரம் பார்த்தாலும் உள்ளே இருப்பது இந்த ஒரு சமன்பாடுதான்.

அழிப்பது யார் என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரிகிறது. அடர்த்தி குறைந்த, ஒளி ஊடுருவும் மேகத்தில் எலக்ட்ரான் அழிக்கும். அடர்ந்த மேகத்தில் கார்பன் மோனாக்சைடு அழிக்கும். உங்கள் மேகம் எந்த வகை என்று தீர்மானிக்காமல் கணக்கைத் தொடங்காதீர்கள்.

அடர்த்தி குறைந்த மேகம்: பின்னால் ஒரு விளக்கு

இங்கே எச்3+ அயனியையே நேராகப் பார்க்கலாம். அகச்சிவப்பில் 3.66852 மைக்ரானிலும் 3.66808 மைக்ரானிலும் இரட்டையாக இரண்டு உட்கவர் கோடுகள் (பின்னால் வரும் ஒளியை இந்த அயனி விழுங்கும் இடங்கள்), 3.71548-ல் இன்னொன்று. மேகம் குளிர்ந்திருப்பதால் இந்த அயனி கீழே இருக்கும் இரண்டு சுழற்சி நிலைகளில்தான் அடங்கியிருக்கும், எனவே இரண்டையும் கூட்டினால் மொத்தமும் வந்துவிடும். மற்ற மூலக்கூறுகளில் கிடைக்காத வசதி இது. கெபாலே, ஓகா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1996-ல் ஹவாயின் மௌனா கீ மலையிலிருந்து விண்வெளி மேகத்தில் இதை முதன்முதலாகப் பிடித்தார்கள்.

மேகத்துக்குப் பின்னால், அகச்சிவப்பில் பிரகாசமான, சொந்தக் கோடுகள் அதிகம் இல்லாத ஒரு ஓ அல்லது பி வகை (மிகச் சூடான) நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போகும் எடுத்துக்காட்டு பெர்சியஸ் விண்மீன் குழுவின் சீட்டா பெர்சை என்ற நட்சத்திரம் (பெயரில் இருக்கும் சீட்டாவுக்கும் அயனியாக்க வீதத்துக்கும் தொடர்பில்லை). சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியின் கிரைர்ஸ், ஹவாயில் உள்ள ஐஆர்டிஎஃப் தொலைநோக்கியின் ஐஷெல் இரண்டும் இந்த வேலைக்குப் பொருத்தமான நிறமாலைக் கருவிகள். புதிதாகத் தொலைநோக்கி நேரம் கேட்டு எழுதுவதற்கு முன் ஐரோப்பிய தென் ஆய்வகத்தின் காப்பகத்தில் தேடிப் பாருங்கள், பழைய தரவு யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தே கிடக்கிறது.

இப்போது திரையில் என்ன தெரியும் என்று சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்துபோகிறார்கள். கச்சா நிறமாலையில் நீங்கள் தேடும் கோடு தெரியாது. நம் வளிமண்டலத்து மீத்தேனும் நீராவியும் போட்ட பள்ளங்கள்தான் கண்ணில் படும், சில பாதி ஆழத்துக்கும் மேல் இறங்கியிருக்கும். எச்3+ பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ ஒரே ஒரு சதவீதம். அருகில் அதே உயரத்தில் பார்த்த ஒரு ஒப்பீட்டு நட்சத்திரத்தின் நிறமாலையால் வகுத்தோ, மாலெக்ஃபிட் போன்ற நிரலால் வளிமண்டலத்தைக் கணித்துக் கழித்தோ துடைத்த பிறகு, இரண்டு சின்னக் குழிகள் ஒன்றுக்கொன்று, வேகக் கணக்கில் சொன்னால், விநாடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளிதான் அடையாளம். ஒரு குழி மட்டும் தெரிந்தால் நம்பாதீர்கள். ஒரு சதவீதத்தை நிச்சயமாகச் சொல்ல சமிக்ஞை இரைச்சலைவிடச் சில நூறு மடங்காவது இருக்க வேண்டும்.

எந்த மாதம் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தால் மேகத்தின் கோடுகள் ஆண்டு முழுக்க இப்படியும் அப்படியும் நகர்ந்துகொண்டே இருக்கும். வளிமண்டலக் கோட்டின் மேல் அது போய் உட்காரும் வாரத்தில் நேரம் கிடைத்தால் அந்த இரவு வீண்தான். விண்ணப்பிக்கும்போதே இதைக் கணக்கிட்டுத் தேதியைக் கேளுங்கள்.

குழியின் பரப்பிலிருந்து எச்3+ எண்ணிக்கை, அதாவது பார்வைத் திசையில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு நேரே எத்தனை இருக்கிறது என்பது, வரும். கோடு இவ்வளவு ஆழம் குறைந்திருப்பதால் நிறைவடையும் பிரச்சினை (அயனி கூடினாலும் கோடு அதே அளவில் கூடாமல் போவது) இல்லை, நேர்விகிதக் கணக்குதான். அடுத்து ஹைட்ரஜன் மூலக்கூறின் எண்ணிக்கை வேண்டும். புற ஊதாவில் நேராக அளந்த நட்சத்திரமாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 4300 ஆங்ஸ்ட்ராமில் தெரியும் சிஎச் மூலக்கூறை வைத்து மதிப்பிடலாம். ஒரு சிஎச்சுக்கு ஏறத்தாழ மூன்று கோடி ஹைட்ரஜன் மூலக்கூறு என்ற விகிதம் நம்பகமாக இருக்கிறது.

சரி, கணக்கு. வீதம் = எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும் வினைவேகம் × எலக்ட்ரான் விகிதம் × வாயு அடர்த்தி × எச்3+ எண்ணிக்கை ÷ ஹைட்ரஜன் மூலக்கூறு எண்ணிக்கை. சீட்டா பெர்சை போன்ற ஒரு திசைக்கு முழு எண்களாகப் போட்டுப் பார்ப்போம். எச்3+ சதுர சென்டிமீட்டருக்கு 6 × 10¹³, ஹைட்ரஜன் மூலக்கூறு 5 × 10²⁰. விகிதம் 1.2 × 10⁻⁷. 70 கெல்வினில் வினைவேகம் சுமார் 1.5 × 10⁻⁷ (முன்பு இந்த ஒரு எண்ணைப் பற்றியே ஆய்வகங்களுக்கிடையே பெரிய முரண்பாடு இருந்தது. ஸ்டாக்ஹோமின் கிரைரிங் சேமிப்பு வளையத்தில் குளிர்ந்த அயனிகளை வைத்து அளந்த பிறகுதான் தீர்ந்தது, 2003-ல் அந்த முடிவோடு சேர்த்தே சீட்டா பெர்சையின் கணக்கும் வெளியானது). எலக்ட்ரான்கள் பெரும்பாலும் நட்சத்திர ஒளி கார்பனிலிருந்து பிரித்தவை, எனவே ஹைட்ரஜனுக்கு 1.5 × 10⁻⁴ என்று வைக்கலாம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 200. பெருக்கினால் 5.4 × 10⁻¹⁶. அடர்ந்த மேகத்தின் பழைய மதிப்பைவிட ஐம்பது மடங்குக்கும் மேல்.

அந்தப் பெருக்கலில் எந்த எண் நேரடியாக வானத்தில் அளந்தது அல்ல என்று பாருங்கள். அடர்த்தி. பார்வைத் திசையில் எத்தனை மூலக்கூறு இருக்கிறது என்று நிறமாலை சொல்லும். அவை எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கின்றன என்று சொல்லாது. பல ஆண்டுகளாக அந்த 200-ஐ கார்பன் அணுக்களின் கிளர்விலிருந்தும் சி2 மூலக்கூறின் சுழற்சி நிலைகளிலிருந்தும் எடுத்துவந்தார்கள். 2012-ல் இண்ட்ரியோலோவும் மெக்காலும் ஐம்பது திசைகளைத் தொகுத்துச் சராசரியாக 3.5 × 10⁻¹⁶ என்றது இந்த அடர்த்திகளை வைத்துத்தான். பிறகு கையா செயற்கைக்கோள் தந்த நட்சத்திரத் தூரங்களிலிருந்து நம்மைச் சுற்றியுள்ள தூசியின் முப்பரிமாண வரைபடம் வந்தது, மேகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க முடிந்தது. அதை வைத்து 2024-ல் திரும்பக் கணக்கிட்டபோது அடர்த்தி குறைந்தது, அயனியாக்க வீதமும் சராசரியாக ஒன்பது மடங்கு இறங்கி 6 × 10⁻¹⁷ பக்கம் வந்தது. நாம் மேலே போட்ட 5.4 × 10⁻¹⁶-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள், அங்கேதான் வந்து நிற்கும். எச்3+ கோடுகள் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. ஆகவே தொலைநோக்கி நேரத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன்பே அடர்த்தியை எங்கிருந்து எடுக்கப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடர்ந்த கரு: மறைமுக சாட்சிகள்

நட்சத்திரம் உண்மையில் பிறக்கும் இடம் இது. தூசி அதிகம், பின்னால் இருக்கும் விளக்கு பெரும்பாலும் தெரியாது. எச்3+ சமச்சீரான மூலக்கூறு, ரேடியோ அலையில் அது பேசாது. ஆகவே அதன் பிள்ளைகளைப் பார்க்கிறோம். எச்3+ கார்பன் மோனாக்சைடோடு மோதினால் எச்சிஓ+ வரும். எச்3+ அயனியில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) ஏறினால் எச்2டி+, அதிலிருந்து டிசிஓ+. நம்மைச் சுற்றியுள்ள விண்வெளியில் ஹைட்ரஜன் அணுக்கள் ஒரு லட்சத்துக்கு ஒன்றரை டியூட்டீரியம்தான், ஆனால் குளிர்ந்த கருவில் டிசிஓ+ எச்சிஓ+ விகிதம் சில சதவீதம் வரை ஏறிவிடும், ஏனென்றால் இந்தக் குளிரில் ஏறிய டியூட்டீரியம் திரும்ப இறங்க வேண்டிய ஆற்றல் கிடைப்பதில்லை. எலக்ட்ரான் அதிகமாக இருந்தால் எச்2டி+ வேகமாக அழியும், விகிதம் குறையும். இந்த விகிதத்திலிருந்து எலக்ட்ரான் அளவு, அதிலிருந்து அயனியாக்க வீதம் என்பது கசெல்லியும் கூட்டாளிகளும் 1998-ல் தந்த வழி.

கருவி பக்கம்: டிசிஓ+ முதல் கோடு 72.04 கிகாஹெர்ட்ஸில், எச்சிஓ+ 89.19-ல். ஸ்பெயினின் பிக்கோ வெலேட்டாவில் இருக்கும் ஐராம் 30 மீட்டர் தொலைநோக்கி இரண்டையும் பார்க்கும். ஆனால் எச்சிஓ+ கோடு நிறைவடைந்துவிடும், அதை அப்படியே நம்பினால் எண்ணிக்கை குறைவாக வரும். 86.75 கிகாஹெர்ட்ஸில் கார்பன்-13 கொண்ட எச்சிஓ+ கோட்டைப் பார்த்து 68-ஆல் பெருக்குங்கள். கார்பன் மோனாக்சைடுக்கும் இதே காரணத்தால் ஆக்சிஜன்-18 கொண்டதை, 109.78-ல். எல்லா வரைபடங்களையும் ஒரே கோண அகலத்துக்கு மங்கலாக்கிய பிறகே வகுக்க வேண்டும், ஏனென்றால் 72-ல் தொலைநோக்கியின் பார்வை 110-ல் இருப்பதைவிட அகலம். வாயு 10 கெல்வின் என்பதால் கோட்டின் கிளர்வு வெப்பநிலையும் (அயனிகள் ஆற்றல் நிலைகளில் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைச் சொல்லும் எண்) 10 என்று வைத்துவிடாதீர்கள், இந்த அயனிகளுக்கு அது பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும். இதைக் கணக்கிடும் ராடெக்ஸ் நிரலில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இந்த வழியில் ஒரு குழி இருக்கிறது, விழாமல் போகச் சொல்லித் தருகிறேன். 1998 சூத்திரம் எலக்ட்ரான் விகிதத்தை இப்படித் தருகிறது: 2.7 × 10⁻⁸-ஐ டியூட்டீரிய விகிதத்தால் (டிசிஓ+ ÷ எச்சிஓ+) வகுத்து, அதிலிருந்து 1.2 × 10⁻⁶-ஐக் கழிக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு தூசியில் உறையவில்லை என்று வைத்துக்கொண்டால். விகிதம் 0.020 என்றால் விடை 1.5 × 10⁻⁷. 0.022 என்றால் 2.7 × 10⁻⁸. பத்து சதவீதம் நகர்ந்ததற்கு விடை ஐந்து மடங்குக்கும் மேல் சரிந்துவிட்டது, ரேடியோ அளவீட்டில் பத்து சதவீதம் என்பது வழக்கமான அளவுத்திருத்தப் பிழைதான். 0.023 என்று போடுங்கள், எலக்ட்ரான் எண்ணிக்கை எதிர்மறையாகிவிடும். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கும் எந்தக் கணக்கிலும் இது நடக்கும். கார்பன் மோனாக்சைடு எவ்வளவு உறைந்திருக்கிறது என்பதையும் அளந்து போட்டால் கொஞ்சம் தாங்கும், ஆனாலும் இதை முதல் மதிப்பீடாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

எனக்குப் பிடித்த வழி பொவினோவும் கூட்டாளிகளும் 2020-ல் சொன்னது. ஆர்த்தோ எச்2டி+ (அதன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சுழலும் ஒரே பக்கமாக இருக்கும் வகை) கோட்டையே 372.42 கிகாஹெர்ட்ஸில் பார்த்துவிடுங்கள், சிலியில் இருக்கும் ஏபெக்ஸ் அல்லது அல்மா தொலைநோக்கியில். எச்2டி+ எண்ணிக்கையை டிசிஓ+ எச்சிஓ+ விகிதத்தால் வகுத்து மூன்றால் வகுத்தால் எச்3+ எவ்வளவு என்று வந்துவிடும். கார்பன் மோனாக்சைடு அதை அழிக்கும் வேகத்தால் பெருக்கி, கார்பன் மோனாக்சைடின் விகிதத்தாலும் பெருக்கி, மேகத்தின் தடிமனால் வகுத்தால் வீதம். கழித்தல் எங்கேயும் இல்லை, எலக்ட்ரான் அளவும் வேண்டாம். கணினியில் செயற்கை மேகம் உருவாக்கி, விடை தெரிந்த நிலையில் சோதித்தபோது இந்த வழி இரண்டு மூன்று மடங்குக்குள் சரியாகச் சொன்னது. ஆனால் தடிமன் என்ற எண் பார்வைத் திசையில் இருக்கிறது, நம் கண்ணுக்குப் படத்தின் அகலம்தான் தெரியும். அடர்த்திப் பிரச்சினையே வேறு சட்டை போட்டு வந்து நிற்கிறது. அகலமும் ஆழமும் ஒன்று என்று வைத்துக் கணக்கிட்டீர்கள் என்றால் அதை வெளிப்படையாக எழுதுங்கள், பாதியாகவும் இரட்டிப்பாகவும் வைத்து இன்னும் இரண்டு விடையைத் தாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, நான் ஒரு மாதத்தை இழந்த இடம். நான் ஆராய்ந்த மேகக் கருவுக்கு வந்த வீதம் ஒப்பிட்ட மதிப்பைவிட ஒன்றரை மடங்கு அதிகமாக வந்தது, காரணம் தேடி வினை அட்டவணை முழுவதையும் சரிபார்த்தேன். கடைசியில் பார்த்தால் நான் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் கணக்கிட்டிருந்தேன், ஒப்பிட்ட எண் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு. மூலக்கூறுக்கான வீதம் முதன்மை வீதத்தைப்போல் 2.3 மடங்கு, அணுவுக்கு 1.5 மடங்கு, முதன்மை வீதம் என்றால் தட்டிவிடப்பட்ட எலக்ட்ரான்கள் மேலும் செய்யும் அயனியாக்கத்தைச் சேர்க்காதது. மூன்றையும் ஒரே எழுத்தால் எழுதும் கட்டுரைகள் நிறைய. மேலே சொன்ன வாயேஜர் எண்ணும் அணுவுக்கானதுதான், மேகத்தோடு ஒப்பிடும் முன் ஏறத்தாழ ஒன்றரையால் பெருக்குங்கள்.

அப்புறம், உங்கள் விடை 10⁻¹⁵-க்கும் மேலே போய்விட்டால் உடனே பிழை என்று தூக்கிப் போட வேண்டாம். டபிள்யூ51 என்ற நட்சத்திரம் பிறக்கும் பகுதியின் பக்கத்தில் சூப்பர்நோவா எச்சம் (வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம்) மோதும் மேகத்தில் 10⁻¹⁵ அளவும், பால்வெளியின் மையத்தில் 10⁻¹⁴ அளவும் கண்டிருக்கிறார்கள். பக்கத்தில் சூப்பர்நோவா எச்சம் இருக்கிறதா, கருவுக்குள் ஏற்கனவே பிறந்துவிட்ட குழந்தை நட்சத்திரம் தாரை வீசுகிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லாத அமைதியான கருவில் அப்படி வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அமைதியான கருவுக்கு ரிஷப ராசியில் இருக்கும் எல்1544 என்ற கரு நல்ல அளவுகோல், அங்கே 3 × 10⁻¹⁷ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

அடர்த்தியே வேண்டாத ஒரு வழி இப்போது திறந்திருக்கிறது, எனக்கு இதில்தான் பெரிய ஆசை. காஸ்மிக் கதிர் தட்டிவிடும் எலக்ட்ரான்கள் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை அதிரவும் வைக்கும், அதிர்ந்த மூலக்கூறு 2.2 முதல் 3.0 மைக்ரான் வரை சில கோடுகளில் ஒளிரும். ஒளியின் அளவு அயனியாக்க வீதத்தையும் மூலக்கூறு எண்ணிக்கையையும்தான் பொறுத்தது. 2020-ல் ஷ்முவெல் பியாலி என்ற ஆய்வாளர் இந்த யோசனையைச் சொன்னபோது தரையிலிருந்து பார்க்க முடியாத அளவுக்கு மங்கலான சமிக்ஞை அது, முயன்றவர்களுக்கு மேல் வரம்புதான் கிடைத்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அதை பர்னார்ட் 68 என்ற கருமேகத்தில் பிடித்துவிட்டது, வீதம் 10⁻¹⁶ என்ற வரிசையில் வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது புற ஊதா ஒளியின் கலப்பு. அதுவும் மூலக்கூறை அதிர வைக்கும், ஆனால் பல சுழற்சி நிலைகளிலும் பரவலாக. காஸ்மிக் கதிர் குளிர்ந்த, சுழலாத மூலக்கூறுகளைத் தொடுவதால் இரட்டைப்படை எண் கொண்ட சுழற்சி நிலைகளிலிருந்து வரும் சில கோடுகள் மட்டும் தூக்கலாக நிற்கும். 2.22, 2.41, 2.63, 3.00 மைக்ரான் நான்கையும் ஒன்றாக வைத்து, பக்கத்தில் ஒற்றைப்படைக் கோடுகள் எவ்வளவு இருக்கின்றன என்று ஒப்பிட்டுக் கழித்துவிடுங்கள். 2.63 கோட்டை நம் வளிமண்டலம் விடாது, அதற்கு விண்வெளித் தரவுதான். வெப் காப்பகமும் பொதுவில் திறந்திருக்கிறது, கருமேகங்களின் நிறமாலை ஏதாவது கிடைத்தால் அந்த நான்கு அலைநீளங்களில் முதலில் பாருங்கள்.